மறு: [கலைச்சொல்] ஒவ்வாமைக்கு முந்திய நிலைக்கு என்ன சொல்?

மட்டக்களப்பிலிருந்து, ஆய்வுகூடப் பக்கம்:

> தொய்வு (ஆஸ்துமா) நோயாளருக்கான துண்டுப்பிரசுரத்தில் "குருதிப் புரத அளவு" என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. குருதி நீர்ப்பாயத்தின் மொத்தப் புரதம் லீற்றருக்கு 60 முதல் 80 கிராம். நாம் பார்க்கும் பிறபொருளெதிரி (வெளிப்பொருளுக்கெதிராக உடல் ஆக்கும் புரதம்), ஐ.ஜி.ஈ, மில்லிலீற்றருக்கு 100 அலகு இருந்தாலும் எடையில் 240 நனோகிராம்தான். அது பத்து மடங்கு ஏறினாலும் மொத்தப் புரதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. "ஐ.ஜி.ஈ அளவு" என்றே எழுதுவோம். 1968 முதல் உலகமெங்கும் அதே பெயர், அதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம்.

> தனிப்பொருள் ஐ.ஜி.ஈ (குறித்த ஒரு பொருளுக்கெதிரானது) லீற்றருக்கு 0.35 கிலோ அலகைத் தாண்டினால் "ஒவ்வாமை உண்டு" என எழுதலாம்.

மறுப்பு இதில்தான். தூசு உண்ணியின் புரதம் மூச்சோடு உள்ளே போக, உடல் அதற்கெதிராக ஐ.ஜி.ஈ ஆக்குகிறது. குருதியில் அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 2 நாள். தோலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் கலத்தில் ஒட்டிவிட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். இதுவரை நோய் இல்லை. அதே புரதம் திரும்ப வந்து, கலத்தின் மேலுள்ள ஐ.ஜி.ஈ மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தால்தான் கலத்திலிருந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டும், மூச்சுக்குழாய் இறுகும். குருதிப் பரிசோதனை காட்டுவது முதற்கட்டத்தை மட்டும்.

வாவிக்கரையில் இந்த வேறுபாடு சாப்பாட்டுக்கோப்பை வரை வரும். தூசு உண்ணியிலும் இறாலிலும் நண்டிலும் ட்ரொப்போமயோசின் என்ற தசைப்புரதம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கிறது. உண்ணிக்கெதிராக உண்டான ஐ.ஜி.ஈ இறால் புரதத்திலும் ஒட்டும். நாள்தோறும் இறால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் அறிக்கையில் "இறால் 1.8" என்று வரலாம். அதற்குப் பக்கத்தில் "ஒவ்வாமை" என்று அச்சடித்தால், காரணமின்றி வீடே இறாலை விட்டுவிடும்.

ஐ.ஜி.ஈ மட்டும் உண்டாகியிருக்கும் இந்த நிலைக்கு "உணர்திறனாக்கம்" சரிவராது. பரிசோதனையின் உணர்திறன் என்று அதே அறிக்கையில் வேறொன்றை, உள்ளதைத் தவறவிடாமல் காட்டும் திறனை, சொல்கிறோம். "மிகையுணர்வு" என்றால் தாக்கமே நடந்துவிட்டதாகப் பொருள். என் முன்மொழிவு: ஒவ்வாமை ஆயத்தநிலை.

---

கல்முனையிலிருந்து, மருத்துவமனைப் பக்கம்:

ஆயத்தம் நம் பக்கத்தில் எல்லாருக்கும் வாயில் வரும் சொல், அதனால் ஆட்சேபம் இல்லை. ஆனால் முன்னொட்டாக "ஒவ்வாமை" வேண்டாம். நோயாளியின் கண் அந்த ஒரு சொல்லில்தான் விழும். வெறும் "ஆயத்தநிலை" போதும், பொருளை நான்காம் வேற்றுமையில் வையுங்கள்: "இறாலுக்கு ஆயத்தநிலை". "இறால் ஆயத்தம்" என்று சுருக்கினால் சாப்பாட்டுக்கடைப் பலகை ஆகிவிடும்.

இன்னொன்று, மொத்த ஐ.ஜி.ஈக்கு இந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது. வட்டப்புழு, கொளுக்கிப்புழு வயிற்றிலிருந்தாலும் மொத்த அளவு ஏறும். அது எந்தப் பொருளுக்கு என்று சொல்லாது. "மொத்த ஐ.ஜி.ஈ உயர்வு" என்று மட்டும் எழுதி, வெள்ளணு எண்ணிக்கை, மலப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டப்புழுவிலும் ட்ரொப்போமயோசின் இருப்பதால் தனிப்பொருள் அளவிலும் குழப்பம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண் பெரிதானால் தாக்கமும் கடுமையாகும் என்பதில்லை. 20 அலகுக்காரர் தும்மலோடு நிற்கலாம், 2 அலகுக்காரருக்கு மூச்சு அடைக்கலாம். எண் கூடக்கூட ஒவ்வாமைக்கான வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான்.

---

மட்டக்களப்பிலிருந்து:

ஏற்கிறேன். முன்னொட்டை எடுத்துவிடுவோம். கிளைச் சொற்கள்: ஆயத்தமுற்றவர், குறுக்கு ஆயத்தநிலை (உண்ணிக்கும் இறாலுக்கும் பொதுவானது), ஆயத்தத் தணிப்பு. கடைசியில் "நீக்கம்" போடவில்லை, காரணம் உண்டு: ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக ஊசியேற்றும் சிகிச்சையில் ஐ.ஜி.ஈ முதலில் சற்று ஏறி, பிறகு மெல்லத்தான் இறங்குகிறது, முற்றாக அழிவதில்லை.

அறிக்கையில் போகும் வரி இப்படி:

"தூசு உண்ணிக்கு ஆயத்தநிலை உண்டு (லீற்றருக்கு 14 கிலோ அலகு). இறாலுக்குக் குறுக்கு ஆயத்தநிலை (1.8). இறால் சாப்பிட்டுத் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்ததா என்பதை மருத்துவர் கேட்டறிந்த பின்பே ஒவ்வாமை எனக் கொள்க. வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தொய்வு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு மருத்துவமனையிலேயே உணவுச் சோதனையைத் தள்ளிவைப்பார்கள்.