மக்னீசியம்-32இல் மாய எண் 20 ஏன் செல்லுபடியாகவில்லை?

கேள்வி:
முதுநிலை இயற்பியல் பயில்கிறேன். நியூட்ரான்களின் எண்ணிக்கை 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய 'மாய எண்களில்' ஒன்றாகும்போது அணுக்கரு தனி உறுதி பெறுகிறது என்றும், தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பைக் கொண்டு மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1949இல் இதை விளக்கினர் என்றும் பாடத்தில் உள்ளது. ஆனால், 20 நியூட்ரான்கள் கொண்ட மக்னீசியம்-32 கோள வடிவில் இல்லையாம். புரோட்டான்கள் குறைந்தால் நியூட்ரான் கூடு, அதாவது நியூட்ரான்கள் நிரம்பும் ஆற்றல் மட்டங்களின் தொகுதி, ஏன் மாற வேண்டும்? கூடு மாதிரியே தவறா?

மறுமொழி 1:
முதலில் சான்றுகளைப் பாருங்கள். நியூட்ரான் மிகுந்த சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை 1975இல் செர்ன் ஆய்வகத்தில் அளந்தபோது, 20 நியூட்ரான்களுக்கு அருகே அவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பிணைந்திருப்பது தெரிந்தது. சிலிக்கான்-34, மக்னீசியம்-32 இரண்டிலும் நியூட்ரான்கள் 20தான். கூடு மூடிய அணுக்கருவைக் கிளர்த்த அதிக ஆற்றல் வேண்டும்; முன்னதன் முதல் 2+ கிளர்வு நிலை (மொத்தக் கோண உந்தம் 2 உள்ள நிலை) ஏறத்தாழ 3.3 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளது. பின்னதில் அது 0.885 மட்டுமே. இரண்டே புரோட்டான்கள் குறைந்ததற்கு இவ்வளவு பெரிய சரிவு! 1995இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் மக்னீசியம்-32 கற்றையை ஈய இலக்கின் மீது செலுத்தி, கூலூம் கிளர்வின் (ஈய அணுக்கருவின் மின்விசையால் கிளர்த்துவதன்) வழியே அது கோள வடிவிலிருந்து வெகுவாக விலகியிருக்கும் உருத்திரிபை உறுதிசெய்தனர்.

மறுமொழி 2:
காரணம் புரோட்டான்–நியூட்ரான் ஈர்ப்பில் இருக்கிறது. டி 5/2 எனப்படும் ஆற்றல் மட்டத்துப் புரோட்டான்கள் டி 3/2 மட்டத்து நியூட்ரான்களை, குறிப்பாக டென்சர் விசையால் (தற்சுழற்சிகளின் திசையைப் பொறுத்த அணுக்கரு விசையால்), வலுவாக ஈர்க்கின்றன. சிலிக்கானில் டி 5/2 மட்டம் ஆறு புரோட்டான்களால் நிரம்பியிருப்பதால் டி 3/2 கீழே இழுக்கப்பட்டு, அதற்கும் மேலுள்ள எஃப் 7/2 மட்டத்துக்கும் இடையில் அகன்ற இடைவெளி நிலைக்கிறது. புரோட்டான்களை எடுக்க எடுக்க டி 3/2 மேலெழுந்து, 20இல் இருந்த இடைவெளி சுருங்க, 16இல் புதியதொன்று திறக்கிறது.

பலரும் இத்துடன் விளக்கத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விளக்கமே. மக்னீசியத்தில் இடைவெளி முற்றாக மறைந்துவிடவில்லை. இரண்டு நியூட்ரான்கள் அதைத் தாண்டி மேலே செல்வதற்கு ஆகும் ஆற்றலைவிட, அவை புரோட்டான்களோடு ஒத்தியங்கி அணுக்கருவை நீள வைப்பதால் கிடைக்கும் பிணைப்பாற்றல் அதிகம். ஆகவே, கிளர்ந்த நிலையாக இருக்க வேண்டிய அமைப்பே தாழ்நிலையாகிவிடுகிறது. இத்தகைய அணுக்கருக்கள் உள்ள பகுதியைத் 'தலைகீழாக்கத் தீவு' என்பார்கள். கூடு மாதிரி தவறன்று. மட்டங்கள் எல்லா அணுக்கருக்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் என்ற எண்ணம்தான் தவறு.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 8 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் கொண்ட ஆக்சிஜன்-28 என்னவாகிறது? இரண்டுமே மாய எண்கள் அல்லவா?

மறுமொழி 3:
அது பிணைந்தே இருப்பதில்லை. 2023இல் ரிக்கென் ஆய்வகத்தில் வெளியான முடிவின்படி, ஃபுளூரின்-29இலிருந்து ஒரு புரோட்டானைத் தட்டியெடுத்து உருவாக்கிய ஆக்சிஜன்-28 உடனே ஆக்சிஜன்-24 ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் சிதைந்தது. 20இல் கூடு மூடியதற்கான அறிகுறியும் தென்படவில்லை. 16 நியூட்ரான்கள் கொண்ட ஆக்சிஜன்-24தான் அந்த வரிசையில் கடைசியாகப் பிணைந்திருப்பது. அதன் முதல் கிளர்வு நிலை 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலே இருப்பதால், புதிய மாய எண் 16க்கு அதுவே நல்ல சான்று. இதில் வியப்பானது, ஒரே ஒரு புரோட்டானைக் கூடுதலாகக் கொண்ட ஃபுளூரின் 22 நியூட்ரான்கள் வரை தாங்குகிறது என்பதே.