பிசிபி ஃபேக்டரிக்கு ஃபைல் அனுப்பிய அனுபவம்: சேலம், ஏற்காடு பக்கத்து ஆளுங்க எழுதுங்க

அஸ்தம்பட்டி, பிசிபி லேஅவுட் வேலை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தறிக்கு, போர்வெல் மோட்டாருக்கு, சேகோ ஃபேக்டரிக்குன்னு கன்ட்ரோலர் போர்டு பண்றவங்க நம்ம ஊர்ல நிறையப் பேர் இருக்கோம். சர்க்யூட் பத்தி மணிக்கணக்கா பேசறோம். அந்த போர்டை (பிசிபி) பண்ணிக் கொடுக்கற ஃபேக்டரிக்குப் போற ஃபைல் பத்தி மட்டும் யாரும் உட்கார்ந்து பேசறதில்ல. அங்க இருக்கறவங்களுக்கு உங்க சர்க்யூட்டும் தெரியாது, நீங்க நினைச்சதும் தெரியாது. ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் போர்டா வரும். என் கைக்கு வந்த ஒண்ணைச் சொல்றேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரிக்காக நீர்மட்டக் கன்ட்ரோலர். டிசைன் பண்ணவர் கவனமான ஆளு. ரிலேவோட 230 வோல்ட் பக்கத்துக்கும் சென்சார் பக்கத்துக்கும் நடுவுல போர்டை வெட்டி ஒரு பள்ளம் விடணும்னு கிகேட்ல (போர்டு வரையற சாஃப்ட்வேர்) அழகா கோடு போட்டிருந்தார். போர்டு வந்து பார்த்தா பள்ளம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெள்ளைக் கோடு! கோடு இருந்தது சில்க் லேயர்ல. சில்க்னா எழுத்து அச்சடிக்கற லேயர், ஃபேக்டரி அதை அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. வெட்டு விழணும்னா அது, போர்டை எங்கே வெட்டணும்னு காட்டற எட்ஜ் கட்ஸ் லேயர்ல இருந்தாகணும்.

அந்தப் பள்ளம் ஏன் அவ்வளவு முக்கியம்னா, மின்சாரம் போர்டு மேல்பரப்பு வழியாவே ஊர்ந்து போகும். நடுவுல பள்ளம் இருந்தா அது சுத்திப் போகணும், ஊர்ற தூரம் கூடும். சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை) போர்டுல 250 வோல்ட்டுக்கு, ஐஇசி 60664-1ங்கற தரவிதிப்படி, வீடு ஆபீஸ் மாதிரி சுத்தமான இடத்துல அடிப்படை காப்புக்கு 2.5 மி.மீ. ஊர்வழி தூரம் போதும். தூசியும் ஈரமும் சேர்ந்த இடம்னா அதுவே 4 மி.மீ. மனுஷன் கை படற பக்கத்தைப் பிரிக்கணும்னா அதுல ரெண்டு மடங்கு, 8 மி.மீ. மாவுத் தூசி படிஞ்சு மேல ஈரக்காத்து அடிக்கற சேகோ ஃபேக்டரிக்கு ரெண்டாவது கணக்குதான். தொட்டித் தண்ணிக்குள்ள போற வயரை ஆளுங்க தொடுவாங்களே, அங்க எப்படிக் குறைக்க முடியும்? இன்னொண்ணு, இந்த மாதிரி இடத்துல பள்ளம் குறைஞ்சது 1.5 மி.மீ. அகலமாவது இருக்கணும். அதைவிடக் குறுகலா இருந்தா மாவு அடைச்சுக்கும், கணக்குலயும் பள்ளம்னே எடுத்துக்க மாட்டாங்க.

திரும்பப் பண்ணும்போது டிராக்குகளை நகர்த்தி, 2 மி.மீ. பள்ளத்தை எட்ஜ் கட்ஸ்ல போட்டு, கூடவே ஒரு குறிப்பும் வச்சு அனுப்பினோம்: "ரிலேக்குக் கீழே பள்ளம் வெட்டணும், உள்ளே செம்பு பூச வேண்டாம்." ஃபைல் சரியா இருந்தாலும் குறிப்பு வேணும். பார்க்கறவருக்கு ஒரு சந்தேகம் வந்தா அதுதான் பதில்.

அம்மாபேட்டை, தறி எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்:

அண்ணா, நம்மகிட்ட வர்றதெல்லாம் பழைய கார்டுங்க. ஒரு தறிக்காரர் ஜக்கார்டு கன்ட்ரோல் கார்டோட பழைய சிடி ஒண்ணு கொண்டு வந்தார். போர்டு எரிஞ்சு போச்சு, அதே மாதிரி புதுசு அடிக்கணும்னார். சிடியில ஜெர்பர் (ஒவ்வொரு லேயரோட படமா ஃபேக்டரிக்குப் போற ஃபைல்) இருந்துச்சு, ஆனா ஆர்எஸ்-274-டிங்கற பழைய வகை. லேயரை வெளிச்சத்தால ஃபிலிம்ல வரையற அந்தக் காலத்து ஃபோட்டோ பிளாட்டர்ல பல வடிவத் துளை உள்ள ஒரு சக்கரம் இருக்கும், எந்தத் துளை வழியா வெளிச்சம் விடணும்ங்கறதைத்தான் டி10, டி11ன்னு ஃபைல் சொல்லும். டி10 வட்டமா சதுரமா, எத்தனை மில் (இஞ்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) அகலம்ங்கறது தனி லிஸ்ட்ல இருக்கும். அந்த லிஸ்ட் சிடியில இல்லை.

புள்ளி எங்கே இருக்குன்னு தெரியுது, எவ்வளவு பெருசுன்னு தெரியலை. எரிஞ்ச கார்டுலயே நல்லா இருந்த பக்கத்துல வெர்னியர் வச்சு பேட் பேடா (பாகத்தைப் பற்ற வைக்கற செம்புத் திட்டு) அளந்தோம். டி கோடு ஒவ்வொண்ணும் எந்தப் பேடுல வருதுன்னு ஒப்பிட்டு லிஸ்ட்டைத் திரும்ப எழுதினோம். வேலை முடிஞ்சுது, தறியும் ஓடுது. அளவெல்லாம் அதே ஃபைலுக்குள்ளயே இருக்கற 274-எக்ஸ் வந்து எவ்வளவோ காலமாச்சு. பழைய டி வகை இனி செல்லாதுன்னு ஜெர்பரைப் பராமரிக்கற உகாம்கோ 2014லயே அறிவிச்சாச்சு. உங்க பழைய பேக்கப் சிடி இருந்தா இப்பவே திறந்து பாருங்க. டிசைன் பண்ணவர் கேட்டா பதில் சொல்ற தூரத்துல இருக்கும்போதே பார்த்துடுங்க.

கொண்டலாம்பட்டி ஆளு, பெங்களூர்ல பிசிபி ஃபேக்டரி கேம் பிரிவு:

உங்க ஃபைலைத் திறக்கற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். சந்தேகம் வந்தா வேலையை நிறுத்தி மெயில்ல கேள்வி அனுப்புவோம். பதில் வர்ற வரைக்கும் உங்க போர்டு வரிசையில நகராது. அவசரம்னு போன் பண்றவங்கதான் அந்த மெயிலைப் பார்க்காம விட்டுடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

அடிக்கடி கேட்கற கேள்வி, துளை எங்கே போடணும்னு சொல்ற ட்ரில் ஃபைல் பத்திதான். எக்ஸலான்ங்கற அந்த ஃபைல் வகையில எண்ணை எழுதும்போது முன்னாடி பூஜ்யத்தை விடறதும் உண்டு, பின்னாடி பூஜ்யத்தை விடறதும் உண்டு. இஞ்ச்ல, புள்ளிக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி நாலு இலக்கம்னு வைங்க. 01ன்னு எழுதியிருந்தா ஒரு முறையில அது ஒரு இஞ்ச், இன்னொரு முறையில இஞ்ச்சுல பத்தாயிரத்துல ஒரு பங்கு. எந்த முறைன்னு ஃபைல் தலைப்புல இல்லைன்னா துளையெல்லாம் ஒரே மூலையில குவிஞ்சு கிடக்கும். கிகேட்ல ட்ரில் ஃபைல் எடுக்கும்போது டெசிமல்னு வச்சுடுங்க, புள்ளியோடவே வந்துடும். ஜெர்பருக்கும் ட்ரில்லுக்கும் ஆரிஜின் (அளவு தொடங்கற பூஜ்யப் புள்ளி) ஒண்ணா இருக்கணும். துளை அளவுன்னா செம்பு பூசி முடிச்ச பின்னாடி வேண்டிய அளவைச் சொல்லுங்க, பெருசா துளைக்கறதை நாங்க பார்த்துக்குவோம். ஸ்க்ரூ துளையில செம்பு வேண்டாம்னா அது செம்பு பூசாத துளைகளோட தனி ஃபைல்ல வரட்டும்.

ஐபிசி-டி-356 நெட்லிஸ்ட்டும் சேர்த்து அனுப்புங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். எந்தப் பேடு எதோட சேரணும்னு அதுல இருக்கும், ஜெர்பரோட ஒப்பிட்டுப் பார்ப்போம். கிரவுண்ட் ஃபில் (காலி இடத்தை நிரப்பற கிரவுண்ட் செம்பு) புதுப்பிக்காம அனுப்பின ஒரு போர்டு அதுலதான் சிக்குச்சு. கண்ணால பார்த்தா தெரிஞ்சே இருக்காது.

ஏற்காடு, காபித் தோட்டம்:

எங்க தோட்டத்து மண் ஈரம் பார்க்க அண்ணன் பொண்ணு, காலேஜ் படிக்கறா, ஒரு கெப்பாசிட்டிவ் சென்சார் போர்டு போட்டா. மண்ணுக்குள்ள போற நீளமான செம்புப் பகுதி மேல மாஸ்க் (செம்பை மூடற பூச்சு) நல்லா மூடணும்னு மாஸ்க் லேயர்ல ஒரு பெரிய செவ்வகம் வரைஞ்சு வச்சிருந்தா. அனுப்பறதுக்கு முன்னாடி அஸ்தம்பட்டி அண்ணன்கிட்ட காட்டினோம். அவர் ஜெர்பர் பார்க்கற ஜெர்ப்வியூ சாஃப்ட்வேர்ல திறந்து ஒவ்வொரு லேயரா காட்டினார். மாஸ்க் லேயர்ல எது வரைஞ்சாலும் அங்க மாஸ்க் இருக்காது, திறந்து விட்டுடும்னார். அப்படியே போயிருந்தா செம்பு நேரா ஈர மண்ணுல பட்டு அரிச்சிருக்கும், சென்சாரும் சொன்ன வேலையைச் செஞ்சிருக்காது. செவ்வகத்தை எடுத்துட்டு அனுப்பினோம். இப்ப சென்சார் நல்லா வேலை செய்யுது.

இங்க மழைக்காலத்துல பனிமூட்டம் வீட்டுக்குள்ளயே வரும். மாஸ்க் மட்டும் போதுமாங்க அண்ணா?

அஸ்தம்பட்டி, பிசிபி லேஅவுட் வேலை:

போதாதுங்க. மேலயும் கீழயும் மாஸ்க் இருக்கும், வெட்டின ஓரத்துல இருக்காது. அங்க கண்ணாடி இழை திறந்து கிடக்கும், தண்ணி அது வழியாத்தான் உள்ள ஏறும், ரீடிங் மெல்ல மெல்ல மாறும். மண்ணுல இறங்கற பகுதியோட ஓரம் முழுக்க வார்னிஷோ எபாக்ஸியோ ரெண்டு கோட் அடிச்சு நல்லா காய விடுங்க. மேல இருக்கற சர்க்யூட் பகுதிக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாம இருக்க அடிக்கற மெல்லிய பூச்சு) கொடுங்க, கனெக்டர் மேல மட்டும் படாம டேப் ஒட்டிக்கோங்க. அடுத்த தடவை ஃபைல் பண்ணும்போது சென்சார் செம்பை ஓரத்துலருந்து ஒரு மி.மீ. உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்க பாப்பாவை.