மூளைத் தண்டுவடத் திரவம்: இரண்டு இடத்தில் உதவி வேண்டும்

வணக்கம். உடலியங்கியல் படித்தவர்கள், நரம்பியல் மருத்துவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். முதலாண்டு நர்சிங் மாணவர்களுக்கு மூளைத் தண்டுவடத் திரவம் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன்.

பெரியவர்களின் உடலில் இந்தத் திரவம் சுமார் 150 மி.லி. இருக்கும். சுரப்பதோ நாளுக்கு 500 மி.லி. அளவில். அப்படியென்றால் தினமும் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. சரி, பழையது எங்கே போகிறது? அரக்னாய்டு வில்லி (arachnoid villi) எனப்படும் மூளையுறையின் சிறு முளைகள் வழியாகச் சிரை ரத்தத்துக்குப் போகிறது என்று பழைய பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் 2015-இல் எலிகளின் மூளையுறையில் நிணநாளங்கள் இருப்பது உறுதியானது. அதற்கு முன்பே, 2012-இல், கிளிம்ஃபாட்டிக் கருத்தும் வந்துவிட்டது; அதாவது, ரத்தக்குழாய்களை ஒட்டி இந்தத் திரவம் மூளைத் திசுவுக்குள் ஓடிக் கழிவை அகற்றுகிறது என்பது. தூக்கத்தில் கழிவு வேகமாக வெளியேறுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் தகராறு. தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இதில் எவ்வளவு சொல்லலாம்?

அப்புறம் ரத்த-மூளைத் தடுப்பு, அதாவது ரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் நுழையாமல் காக்கும் ஏற்பாடு. மூளை நுண்குழாய்ச் சுவரின் செல்கள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதுதான் அந்தத் தடுப்பு என்பது எளிதில் புரிந்துவிடுகிறது. இந்தத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பிளெக்ஸஸில் நிலைமை வேறு: அங்கே நுண்குழாய்கள் கசியும், மேலுள்ள எபிதீலியம் என்ற செல் அடுக்குதான் காவல். மாணவர்கள் இந்த இரண்டு தடுப்புகளையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதுகுத்தண்டில் உள்ள இந்தத் திரவத்துக்குள் மருந்தை ஊசியாகச் செலுத்தினால் தடுப்பைத் தாண்டிவிடலாம், ஆனாலும் மூளையின் ஆழத்துக்கு அது சரியாகப் போய்ச் சேராது என்றால் யாரும் நம்புவதில்லை!

இரண்டு தடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் படம் வைத்திருந்தால் பகிருங்கள். கையால் வரைந்ததே போதும்.