பிளே பவ்: வணக்கமா, அழைப்பா, குனிவா?

அனைவருக்கும் வணக்கம்.

முன்னங்கால்களை முழங்கை வரை தரையில் பதித்து, பின்பகுதியை உயர்த்தி, எதிரே நிற்கும் நாயையோ மனிதரையோ நோக்கி ஒரு நாய் நிற்கும் நிலையை ஆங்கிலத்தில் பிளே பவ் என்கிறார்கள். நம் கலைச்சொல் தொகுப்பில் அதற்குரிய தமிழ்ச்சொல்லாக இங்கே இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: விளையாட்டு வணக்கம், ஆட்ட அழைப்பு, ஆடுதாழ்வு. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லழகு பற்றிய தயக்கம் அன்று அது. அந்த நடத்தையைப் பற்றி அறியப்பட்டிருப்பவற்றோடு இச்சொற்கள் முரண்படுகின்றன என்பதே காரணம்.

முதலில் வணக்கம். நாயிடம் பணிவைக் காட்டும் நிலைகள் வேறாக உள்ளன. உடல் முழுவதையும் தாழ்த்துவது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது, மல்லாந்து வயிற்றைக் காட்டுவது ஆகியவை அவ்வகையின. நாம் பேசும் நிலையில் பின்பகுதி உயர்ந்தே இருக்கிறது. வலிய நாயும் எளிய நாயிடம் இவ்வாறு குனிகிறது. வணக்கம் என்று பெயரிட்டால், படிப்பவர் இதைப் பணிவின் அடையாளமாகவே புரிந்துகொள்வார். தாழ்வு என்ற சொல்லுக்கும் அதே குறை உண்டு. ஆடுதாழ்வு வினைத்தொகையாக அழகாக அமைந்திருந்தாலும், சொல்லைத் தனியே காண்பவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது வெள்ளாடுதான்.

அழைப்பு என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூன்றில் வலுவானது அதுவே. விளையாட்டின் தொடக்கத்தில் இந்நிலை வருவது உண்மை. ஆனால் அங்கு மட்டுமே வருவதில்லை. நாய், ஓநாய், கொயோட்டி (ஓநாயை ஒத்த வட அமெரிக்க விலங்கு) ஆகியவற்றின் குட்டிகளைக் கவனித்த விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப், தலையை இருபுறமும் உதறிக் கடிப்பது போன்ற, தவறாகப் புரிந்துகொள்ளத்தக்க செயல்களுக்குச் சற்று முன்னும் பின்னும் இக்குனிவு வருவதை 1995-இல் எழுதினார். எழுத்தில் நிறுத்தற்குறி செய்யும் வேலையை விளையாட்டில் இது செய்கிறது என்பது அவர் கருத்து. வளர்ந்த வீட்டு நாய்களை ஆராய்ந்து பார்பரா ஸ்மட்ஸ் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட கட்டுரையோ, விளையாட்டு சற்றே நின்றுபோன இடைவெளிகளுக்குப் பின்னரே இது பெரும்பாலும் நிகழ்கிறது என்றும், ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதே இதன் முதன்மைப் பணியாகத் தெரிகிறது என்றும் கூறியது. கடிக்கு விளக்கம் சொல்லும் குறிப்பு என்ற கருத்துக்கு அங்கே போதிய ஆதரவு கிடைக்கவில்லை. ஆக, இது அழைப்பா, விளக்கமா, தொடர்ச்சிக்கான தூண்டலா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. முடிவாகாத ஒன்றைப் பெயருக்குள் அடைத்துவிட்டால், அடுத்த ஆய்வு வந்ததும் கலைச்சொல்லே தவறாகிவிடும்.

எனவே பயனைக் கொண்டு பெயரிடாமல் வடிவத்தைக் கொண்டு பெயரிடுவதே பாதுகாப்பானது. வடிவம் பற்றிக் கருத்து வேறுபாடு குறைவு. குனிவின் தோற்றமும் நேர அளவும் பெரிதும் மாறாதவை என்று பெக்காஃப் 1977-லேயே காட்டியிருக்கிறார். முன்பகுதி மட்டும் குனிவதால் இந்த உடல்நிலைக்கு முன்குனிவு என்றும், அது விளையாட்டில் வரும்போது விளையாட்டுக் குனிவு என்றும் வழங்கலாம். தூங்கி எழுந்த நாயும் ஏறத்தாழ இதே போல் உடலை நீட்டுகிறதே என்று கேட்கலாம். அதற்குச் சோம்பல் முறித்தல் என்ற வழக்கு நம்மிடம் இருப்பதால் குழப்பம் நேராது.

ஆட்டம், ஆடல் ஆகியவற்றை விட்டு விளையாட்டு என்பதைத் தேர்ந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆடல் இன்று நடனத்தைச் சுட்டுகிறது. ஆட்டம் என்றால் எதிராளியும் வெற்றி தோல்வியும் நினைவுக்கு வருகின்றன. விலங்கின் விளையாட்டுக்கு எதிராளி தேவையே இல்லை. 2022-இல் லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வில், எந்தப் பரிசும் இல்லாமல் சிறு பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டிய பம்பிள் தேனீக்கள் தனியாகவே விளையாடின. ஒரு செயல் விளையாட்டுதானா என்று இனங்காண ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் 2005-இல் வகுத்த ஐந்து அளவுகோல்களும் துணையைக் கோரவில்லை: உடனடிப் பயன் முழுமையாக இல்லாமை, தன்விருப்பம், இயல்பான செயலிலிருந்து மாறுபட்ட வடிவம், ஒரே அச்சில் வாராமல் திரும்பத் திரும்ப நிகழ்தல், நெருக்கடியற்ற நிலை. பசியோ அச்சமோ மிகுந்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதையே ஐந்தாவது குறிக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக விளையாட்டைச் சொல்லி, அந்த உவகைக்கு 'அல்லல் நீத்த' என்று அடை கொடுத்திருப்பது இவ்விடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். அது மனிதரைப் பற்றியது, சான்றாக அதைக் காட்டவில்லை. சொல் அந்தப் பொருளைத் தாங்கும் என்பதற்கு மட்டுமே குறிப்பிடுகிறேன்.

இதனோடு பிணைந்த பிளே சிக்னல், அதாவது விளையாட்டை உணர்த்த விலங்கு காட்டும் அடையாளம், என்பதற்குச் சைகை என்று ஒருவர் எழுதியிருந்தார். சைகை என்றதும் கையும் கண்ணும்தான் தோன்றும். எலிகளோ விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதச் செவிக்கு எட்டாத கீச்சொலி எழுப்புகின்றன. நியூசிலாந்தின் கியா கிளிகளின் விளையாட்டுக் குரலை ஒலிபரப்பினாலே மற்றக் கியாக்கள் விளையாடத் தொடங்குகின்றன. விளையாட்டுக் குறிப்பு என்றால் ஒலி, உடல்நிலை, குரங்குகளின் தளர்ந்த திறந்த வாய் எல்லாம் அடங்கும். குறிப்பு என்பதில் அதை அறிபவர் ஒருவர் இருக்கிறார் என்ற பொருளும் தொக்கி நிற்கிறது. குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் இருப்பது நாம் அறிந்ததே. நாய்களுக்கும் இது பொருந்தும்: எதிர்நாய் தன்னைப் பார்க்கும்போதே பெரும்பாலும் இக்குறிப்பைக் காட்டுகின்றன என்றும், அது வேறெங்கோ பார்த்தால் முதலில் தட்டியோ குரைத்தோ கவனத்தைத் திருப்புகின்றன என்றும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் பதிவு செய்தார்.

தொகுப்பில் சேர்க்க நான் முன்வைக்கும் பதிவு இது. விளையாட்டுக் குனிவு: நாய்க் குடும்ப விலங்குகள் விளையாட்டின் தொடக்கத்திலோ இடையிலோ, முன்னங்கால்களைத் தரையில் படிய வைத்து, பின்பகுதியை உயர்த்தி நிற்கும் உடல்நிலை, விளையாட்டுக் குறிப்புகளுள் ஒன்று. இதில் தொடக்கத்திலோ இடையிலோ என்ற தொடரை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.