லாஃப்டுக்குக் கீழே ஏசி: 24 வைத்தாலும் அறை 29-லேயே நிற்குது, எந்தச் சுவருக்கு மாத்தலாம்?

மாடிவீடு:
மதுரை, அபார்ட்மென்ட்டில் கடைசி மாடி. படுக்கையறை கிழக்கு மேற்கா 12 அடி, தெற்கு வடக்கா 10 அடி, உயரம் 9½ அடி. 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், ஆர்32 கேஸ்.

தெற்குச் சுவர் முழுக்க லாஃப்ட். அதோட அடிப்பக்கம் தரையிலிருந்து 7 அடி, முன்னாடி 2 அடி நீட்டிட்டு இருக்கு. இன்டோரை அதுக்கு அடியில்தான் மாட்டியிருக்காங்க, மேலே 2 இன்ச் இடம் இருக்கும். கட்டில் தலைமாடும் அந்தச் சுவர்தான். மேற்கே 4 அடி ஜன்னல், கிழக்கே அறைக் கதவு, வடக்கே பால்கனி. அவுட்டோர் பால்கனித் தரையில் கைப்பிடிச் சுவரைப் பார்த்த மாதிரி இருக்கு, நடுவில் 1 அடி.

24 வச்சா 15 நிமிஷத்துல அவுட்டோர் சத்தம் அடங்கிடுது. ஆனா கட்டில் பக்கத்துல வச்ச தெர்மாமீட்டர் 29 காட்டுது. ராத்திரியும் இதே கதை, மதியம் இன்னும் மோசம். ஃபில்டர் கழுவியாச்சு, கேஸ் சரியா இருக்குன்னு மெக்கானிக் சொல்றார். வலது ஓரத்துல தண்ணியும் சொட்டுது. 2 டன்னா மாத்தணுமா, இல்ல இடத்தை மாத்தணுமா?

ரசமட்டம்:
2 டன் வேண்டாம் சார். 120 சதுர அடிக்கு, மொட்டை மாடி வெயிலையும் சேர்த்தே 1.5 டன் தாராளம். பெருசா போட்டா இதே தப்பு இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இன்டோர் காத்தை இழுக்கிற வாய் அதோட தலையில இருக்கு, முன்பக்கம் இல்ல. மேலே 6 இன்ச்சாவது விடச் சொல்றது அதுக்குத்தான். உங்களுக்கு 2 இன்ச், அதுக்கு மேல 2 அடி கூரை மாதிரி லாஃப்ட். அறைக்குள்ள இருக்கிற சூடான காத்து தளத்துக்குக் கீழே, லாஃப்டுக்கு மேலேயே தங்கிடும். மெஷினுக்குக் கிடைக்கிறது அது இப்பதான் வெளியே விட்ட குளிர்ந்த காத்து. வெப்பநிலை சென்சார் ஃபில்டருக்குப் பின்னாடி அந்த வழியிலேயே உட்கார்ந்திருக்கு. அது 24-ன்னு படிக்குது, கம்ப்ரசர் அடங்குது.

சந்தேகம் இருந்தா ஒரு ஊதுபத்தி ஏத்துங்க. ஏசி காத்து வெளியே விடுற வாய்க்கு அரை அடி முன்னாடி, கொஞ்சம் மேலே பிடிங்க. புகை நேரா எதிர்ச் சுவரைப் பார்த்துப் போனா நல்லது. சுருண்டு லாஃப்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஏசி தலைக்குள்ள போச்சுன்னா விஷயம் முடிஞ்சது. அப்புறம் தெர்மாமீட்டரை மேல் ஜாலி மேல 10 நிமிஷம் வச்சு, கட்டில் அளவோட ஒப்பிடுங்க.

மாடிவீடு:
பார்த்தேன் சார். புகை அப்படியே மேலே சுருண்டு உள்ளே போயிடுச்சு. மேல் ஜாலியில் 23.8, கட்டில்ல 28.9.

ரசமட்டம்:
5 டிகிரி வித்தியாசம். இதுல கேஸ் அடைச்சாலும் பலன் இல்ல.

இடம் மாத்துற வரைக்கும் ரிமோட்ல ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ன்னு பட்டன் இருக்கான்னு பாருங்க. அதை அழுத்தினா ரிமோட்டுக்குள்ள இருக்கிற சென்சாரை வச்சு ஓடும். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில வைக்காம, ஏசி பார்வைக்குப் படுற மாதிரி வைங்க. இது தற்காலிகம்தான்.

செம்புக்குழாய்:
எந்தச் சுவர்னு பார்ப்போம்.

கிழக்கு, கதவுக்கு மேலே: வேண்டாம். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஹால் சூடு கதவின் மேல்பாதி வழியாத்தான் உள்ளே வரும், நேரா ஏசி தலைக்குப் போகும்.

வடக்கு: பைப் ரொம்பக் குறைவு, மெக்கானிக் இதைத்தான் சொல்வார். ஆனா காத்து தெற்கே போய் லாஃப்ட் முகப்புல மோதி, உங்க மூஞ்சிலதான் விழும். காலையில தொண்டை கட்டும்.

மேற்கு, ஜன்னலுக்கு மேலே: இதுதான் என் ஓட்டு. 12 அடி நீளவாக்குல காத்து ஓடும்.

மாடிவீடு:
மேற்குச் சுவர் சாயங்காலம் தொட முடியாத சூடு அண்ணா. அங்கே ஏசி வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

செம்புக்குழாய்:
அது அவுட்டோருக்குச் சொல்றது, இன்டோருக்குச் சேர்த்துக் குழப்பிக்கிறாங்க. சுவர்ச் சூடு எப்படியும் அறைக்குள்ள வரத்தான் போகுது, ஏசி எந்தச் சுவர்ல இருந்தாலும் அதைத்தான் வெளியேத்தணும். வெயில் நேரா இன்டோர் மேல படக்கூடாது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு மேலே இருக்கிறதுக்கு அது படாது.

அளவு: ஜன்னல் தலை 7 அடியா? அதுக்கு மேல லின்டல், அதாவது ஜன்னல் தலையில படுக்கிற கான்கிரீட் பட்டை, 6 இன்ச். ஏசி அடிப்பக்கம் 8 அடியில வைங்க. ஏசி உயரம் ஏறக்குறைய 1 அடி, அப்போ மேலே சரியா 6 இன்ச் மிஞ்சும். தெற்கே 2 அடியை லாஃப்ட் எடுத்துக்குது. மிச்சம் 8 அடிக்கு நடுவில், அதாவது வடக்கு மூலையிலிருந்து 4 அடியில் ஏசி நடுக்கோடு வரணும். காத்து கால்மாட்டுக்கு மேல போகும். தலையில படாது.

பைப் துளை வடக்குச் சுவர்ல, மூலையிலிருந்து 1 அடி தள்ளி, 7 அடி 10 இன்ச் உயரத்துல. மூலையில பில்லர் இருக்கும், பைப் துளை அதைத் தொடவே கூடாது. லின்டலையும் பீமையும் கூட. கோர் கட்டிங் (சுவரை வட்டமா அறுத்துத் துளைக்கிறது) 2½ இன்ச், வெளிப்பக்கம் அரை இன்ச் தாழ்வா. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க.

ரசமட்டம்:
தண்ணி சொட்டுறதுக்கு வருவோம். டிரெய்ன், அதாவது தண்ணி வெளியேறுற குழாய், எந்தப் பக்கம் போகுது?

மாடிவீடு:
இடது பக்கம். கிழக்குச் சுவர்ல கதவுக்கு மேலே சுத்தி பால்கனிக்கு. 20 அடிக்கு மேல இருக்கும்.

ரசமட்டம்:
மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு வேணும். 20 அடிக்கு 6 செ.மீ. கதவுத் தலையைத் தாண்டணும்னு அதை மேலே ஏத்தி இழுத்திருப்பாங்க, தண்ணி நடுவழியில நின்னு ஏசிக்குள்ள இருக்கிற தண்ணித் தட்டுலேயே தேங்குது. வலது ஓரம் தாழ்ந்திருந்தா அங்கேதான் வழியும். ஏசியைச் சுவர்ல மாட்டுற தட்டு மேல ரசமட்டம் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. புது இடத்துல மூடி போடுறதுக்கு முன்னாடி தண்ணித் தட்டுல ஒரு சொம்பு தண்ணி மெதுவா ஊத்துங்க, பால்கனியில உடனே வரணும். குழாய் நுனியை வாளித் தண்ணிக்குள்ள முக்கி வைக்காதீங்க, காத்து அடைச்சு மறுபடி உள்ளே சொட்டும்.

செம்புக்குழாய்:
மதியம் மோசம்னு சொன்னீங்க, அது அவுட்டோர். 1 அடியில கைப்பிடிச் சுவர் இருந்தா, விடுற சூடான காத்து அதுல மோதித் திரும்பிப் பின்பக்கக் காயிலுக்கே வருது. அவுட்டோர் முதுகுல ஒரு தடவை, பால்கனிக்கு வெளியே கையை நீட்டி நிழல்ல ஒரு தடவை அளங்க. முதுகுல 4, 5 டிகிரி கூட இருந்தா அதேதான்.

சுவர் பிராக்கெட் போட்டு ஃபேன் கைப்பிடிச் சுவரைத் தாண்டுற உயரத்துக்கு ஏத்துங்க. பின்னாடி 1 அடி, முன்னாடி திறந்தவெளி. அதுக்கு முன்னாடி துணிக்கொடி கட்டாதீங்க. துணி என்னவோ அரை மணியில காயும், ஆனா கரன்ட் பில் ஏறும்.

பைப் இப்போ குட்டையாகும், ஆனா மொத்தம் 3 மீட்டருக்குக் குறைய விடாதீங்க, கம்ப்ரசர் அதிர்வு உள்ளே கேட்கும். மிச்சத்தை அவுட்டோர் பின்னாடி படுக்கைவாக்குல ஒரு சுத்து சுத்தி வைக்கலாம். பழைய நீளத்துக்குக் கூடுதல் கேஸ் போட்டிருந்தா, புது நீளத்துக்கு எடை போட்டுத்தான் அடைக்கணும்.

மாடிவீடு:
மெக்கானிக்கைப் பிடிச்சு எதைக் கேட்கணும்?

செம்புக்குழாய்:
கழட்டும்போது பம்ப் டவுன், அதாவது கேஸை முழுக்க அவுட்டோருக்குள்ள இழுத்து அடைக்கிறது. அதுக்கு இன்வெர்ட்டரை ஃபோர்ஸ்டு கூலிங்ல (சென்சாரைப் பார்க்காம தொடர்ந்து ஓடுற முறை) ஓட விடணும், இல்லேன்னா பாதியில அடங்கிடும். மாட்டும்போது பழைய ஃபிளேரை (செம்புக் குழாயோட விரிச்ச நுனி) வெட்டிப் புதுசு போடணும். குழாயில இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்யூம் பம்ப் 20 முதல் 30 நிமிஷம், அப்புறம் மூடி 10 நிமிஷம் கேஜ் முள் நகருதான்னு பார்க்கணும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காத்தை வெளியேத்துறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், உள்ளே தங்குற ஈரமும் கம்ப்ரசர் ஆயிலைக் கெடுக்கும். ரெண்டு செம்புக் குழாய்க்கும் தனித்தனியா இன்சுலேஷன்.

நீலகிரி:
நடுவுல ஒரு கேள்வி. ஊட்டியில ஆயில் ஹீட்டர், 2000 வாட். இதையும் உயரத்துல வைக்கணுமா?

ரசமட்டம்:
நேர் எதிர். சூடு தானா மேலே போகும், அதனால தரையில. ஜன்னல் அடியிலயோ பக்கத்துலயோ வைங்க. கண்ணாடியில குளிர்ந்து கீழே இறங்குற காத்தை அங்கேயே மறிக்கும். திரை, மெத்தையிலிருந்து 3 அடி. கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் சுவர் பாயின்ட்ல நேரா சொருகுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகும். மூடின அறையில கரிக் கணப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலேயே ஆளைக் கொல்லும்.

மாடிவீடு:
அவுட்டோர் முதுகுல 44, வெளியே 38. பிராக்கெட் போடச் சொல்லிட்டேன். மேற்கே பீம் 1 அடி இறங்குது, ஆனா சுவரோட சமமாத்தான் இருக்கு. மாட்டலாமா?

செம்புக்குழாய்:
சமம்னா பிரச்சினை இல்ல. மாட்டுற தட்டோட மேல் ஸ்க்ரூ பீம் கான்கிரீட்லயும் கீழ் ஸ்க்ரூ செங்கல்லயும் விழும், ஹாமர் டிரில் கொண்டு வரச் சொல்லுங்க. பேருக்கு அரை இன்ச் ஓட்டை போட்டு விட்டுடப் போறாங்க. ரெண்டு இன்ச் ஆழம் இறங்குதான்னு நின்னு பாருங்க. அப்புறம் ஜன்னல் திரைக் கம்பியை ஏசிக்குக் கீழே 4 இன்ச்சாவது இறக்கிடுங்க, இல்லேன்னா காத்தைத் திருப்புற பிளாப் கீழே திரும்பும்போது காத்து திரை மேல பட்டு அங்கேயே சுத்தும்.