கடல் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை கடலைக் கற்றுக்கொள்ளுமா?

கல்லடி அம்மா:

வணக்கம். என் மகன் தரம் ஒன்றில் படிக்கிறான். பாடசாலை விட்டு வந்ததும் கடலடியில் நடக்கும் கார்ட்டூன்கள்தான் அவனுக்கு எல்லாம். மொழி விளங்காவிட்டாலும் படம் ஓடினால் போதும். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். திமிங்கலம் மீன் அல்ல, மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும் என்று எனக்கே விளக்கம் தருகிறான். தன் உடம்பிலேயே வெளிச்சம் உண்டாக்கும் ஆழ்கடல் மீனைச் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கிறான்.

ஆனால் சந்தையில் கால் கட்டிக் கிடக்கும் வாவி நண்டைக் காட்டினால், அது நண்டே இல்லை என்கிறான். நண்டு சிவப்பாகத்தான் இருக்குமாம். வீட்டில் கொதிநீரில் போட்டுச் சிவந்த பிறகு, "இப்போதுதான் நண்டு வந்திருக்கிறது" என்றான். அன்றிலிருந்து எனக்கு யோசனைதான். இவன் படிப்பது அறிவியலா, வெறும் கதையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு என் அம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. பேரனையும் விடுவதில்லை. அன்று நாங்கள் இழந்தவர்களை நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் என் பிள்ளை அறிந்த கடல் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் கடல் மட்டும்தான். கார்ட்டூனை நிறுத்திவிடவா? பிள்ளை வளர்த்தவர்கள், படிப்பிப்பவர்கள் சொல்லுங்கள்.

வாழைச்சேனை ஆசிரியை:

தங்கச்சி, நிறுத்தாதீர்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கடல் பாடம் தொடங்கினால் முதலில் கை உயர்த்துவது கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான். அறியும் ஆசையை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் நண்டுக்கு வருகிறேன். உங்கள் மகன் சொன்ன விடை பிழை, ஆனால் அவதானம் அருமையானது. நண்டின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் உயிரோடு இருக்கும்போதே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டிருப்பதால் நிறம் மாறி, பச்சையும் கருநீலமும் கலந்ததாக நமக்குத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் குலைகிறது, சிவப்பு வெளிப்படுகிறது. இறாலிலும் இதுவே நடக்கிறது. அடுத்த முறை சட்டியில் போடுமுன் ஒரு படம், இறக்கிய பின் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். "அந்தச் சிவப்பு இவ்வளவு நேரமும் எங்கே இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரியட்டும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. மிருகங்கள் மனிதரைப் போலப் பேசிச் சிந்திப்பதாகச் சொல்லும் படப்புத்தகங்களை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். 2014இல் வெளிவந்தது. அப்படிக் கேட்ட பிள்ளைகள் மனிதக் குணங்களை அந்த மிருகங்களின் மேல் ஏற்றிச் சொல்லும் போக்கு கூடியிருந்தது. அந்த மிருகத்தைப் பற்றிய புதிய உண்மைகளைச் சிறிய பிள்ளைகள் குறைவாகவே கற்றார்கள். அது புத்தகம், கார்ட்டூன் அல்ல. இருந்தாலும் என் வகுப்பில் நான் காண்பதும் அதைத்தான். சுறா என்றால் "கெட்டவன்" என்று எழுதுகிறார்கள். அது என்ன தின்கிறது, எப்படிச் சுவாசிக்கிறது என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது.

கார்ட்டூன் செய்பவர்களுக்குக் கடல் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். 1999இல் தொடங்கிய ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூனை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க், அதற்கு முன்பு கலிபோர்னியாவில் கடல் உயிரியல் படிப்பித்தவர். கரையோர உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒரு சித்திரக்கதை வரைந்தவர். அப்படிப்பட்டவரின் கடலடியிலும் நெருப்பு எரிகிறது. கதைக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த மஞ்சள் சதுரம் ஒரு கடற்பஞ்சு என்பதும், கடற்பஞ்சு தாவரமல்ல விலங்கு என்பதும், அதற்கு மூளை இல்லை, வாயும் இல்லை, உடம்பெங்கும் உள்ள துளைகளால் நீரை இழுத்து உணவை வடித்து உண்கிறது என்பதும் நம் பிள்ளைக்கு யார் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தாய்தான் சொல்ல வேண்டும். படம் ஓடும்போது குறுக்கிடாமல், முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

என் பெரிய மனக்குறை இதுதான்: அந்தக் கார்ட்டூன்களில் நம் மட்டக்களப்பு வாவி இல்லை. இலங்கையின் மிக நீளமான வாவிக் கரையில் இருந்துகொண்டு, அதில் வளரும் இறால் எங்கே பிறக்கிறது என்று தெரியாத பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு பல உருவம் மாறி, விரல் நகத்தளவில் ஊடுதெரியும் உடம்போடு, கடலும் வாவியும் சேரும் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வருகிறது. கண்டல் வேர்களுக்கும் கடற்புல்லுக்கும் இடையில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்கே திரும்புகிறது. மாரியில் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசுவார்கள் அல்லவா? அந்த வாசல் மணலால் மூடிக் கிடக்கும் காலத்தில் இறால் குஞ்சு எப்படி உள்ளே வரும் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். இதைவிடப் பெரிய சாகசக் கதை எந்தக் கார்ட்டூனில் இருக்கிறது?

நம் வாவியின் நீருக்குள்ளிருந்து இசைபோல ஒலி எழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனையும் விட்டுவிட முடியாது. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் வாவியில் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அவரிடம் மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, ஊரிகளை, அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற உயிர்களை. துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காதைப் பதித்துக் கேட்பது நம் ஆட்களின் வழக்கம். பாடுவது மீனா, ஊரியா? ஆறு வயதுப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆராய்ச்சி இது.

சாய்ந்தமருது வாப்பா:

அஸ்ஸலாமு அலைக்கும். டீச்சர் சொன்னவை பெறுமதியானவை. சகோதரி, நான் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் குடும்பம் கரைவலைக் குடும்பம்; கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுப்பவர்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு ஏறியதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். முன்பெல்லாம் சூடையும் நெத்தலியும் பொறுக்க வருவார்கள். இப்போது சிறுவர்கள் முதலில் தேடுவது பேத்தை என்ற ஊதும் மீனை. கார்ட்டூனில் அது கோபம் வந்தால் ஊதும், கோபம் போனால் சிரிக்கும். அதைக் கையில் எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் அந்த வயிற்றுத் தோலில் பொடி முட்கள் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு பல் தகடுகள். வலை நூலையே அறுத்துவிடும். நீருக்குள் இருக்கும்போது தண்ணீரை விழுங்கித்தான் ஊதுகிறது, கரையில் கிடந்தால் காற்றை விழுங்குகிறது. ஈரலிலும் முட்டையிலும் உள்ள டெட்ரோடொடாக்சின் நஞ்சு சமைத்தாலும் போகாது, அதற்கு முறிமருந்தும் கிடையாது. இதை எந்தக் கார்ட்டூனும் என் மகளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய வாப்பா சொன்னேன், உம்மா சொன்னார்.

ஆகவே பிள்ளையைக் கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிவாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. மணலில் நின்றபடியே ஒரு பாடப்புத்தகம் அளவுக்குப் பார்க்கலாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தடுக்க மாட்டார்கள். கச்சான் என்ற தென்மேற்குப் பருவக் காற்று வீசும் காலத்துக் காலை வேளை நல்லது.

பாசிக்குடாப் படகுத் தம்பி:

அக்கா, நான் அடிக்கண்ணாடிப் படகு ஓட்டுகிறேன். 2003இல் வந்த அந்த நீமோ படத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் பிள்ளைகள் "நீமோவைக் காட்டுங்கள்" என்றுதான் ஏறுகிறார்கள். படத்தில் வரும் கோமாளி மீனின் வீடு அவுஸ்திரேலியப் பவளப்பாறை. இலங்கைக் கடலில் இருப்பவை அதன் சொந்தக்கார இனங்கள். ஒன்று கரும் உடம்பில் வெள்ளைப் பட்டியும் மஞ்சள் துடுப்புமாக இருக்கும். கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்குள் ஒளிந்துகொள்வது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் 2016இல் வந்தது. அதனால் அதில் வரும் டோரி என்ற நீல மீனைப் பிடித்து விற்பது கூடியதா என்று ஆராய்ந்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். இணையத்தில் தேடியவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவுக்கான அந்த மீனின் இறக்குமதி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. தேடும் ஆசை நல்லது என்பதே என் எண்ணமும். எனக்குக் கோபம் வருவது பெரியவர்கள் மேல். பிள்ளைக்கு மீனைக் காட்டுகிறேன் என்று பவளத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். பவளம் கல்லல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. 1998இல் கடல் சூடாகி வெளிறிச் செத்த பவளத்தைப் பற்றி எங்கள் மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

கல்லடி அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர், என் அம்மாவை மட்டும் எப்படிச் சம்மதிக்க வைப்பது? கரைவலை என்றாலே முகம் மாறிவிடும்.

வாழைச்சேனை ஆசிரியை:

சம்மதிக்க வைக்க வேண்டாம், தங்கச்சி. அவர் எப்போதாவது தானாக வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அவரிடம் இருக்கும் கடல் அறிவு குறைந்துவிடாது. மீனின் பூவை, அதாவது செவுளைத் தூக்கிப் பார்த்துப் பதம் சொல்லும் கை அவருடையது. அடுக்களையிலிருந்தே தொடங்குங்கள்.

கணவாய் வாங்கிக்கொடுத்து, பேரனைப் பக்கத்தில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். மைப்பையை முழுதாக எடுக்க அவருக்குத் தெரியும். பூவின் அடியில் ஒவ்வொன்றாக இரண்டு இதயம், நடுவில் ஒன்று. புதியதாக இருந்தால் தேடிப் பார்க்கலாம். உடம்புக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டினை எடுத்துக் கழுவித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டால் மிதக்கும். உள்ளே மெல்லிய அறைகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலும் கீழும் நிற்கிறது. வாங்கும்போது ஓடுள்ள வகையாகக் கேளுங்கள். நீண்ட உடம்புள்ள மற்ற வகையில் ஊடுதெரியும் மெல்லிய தகடு மட்டும்தான் இருக்கும், அது மிதந்து காட்டாது.