ஃபில் ஜாக்சன் லேக்கர்ஸுக்குத் திரும்ப வரவேண்டுமா?

முக்கோணன் | 11 நவம்பர் 2012

நம் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் கோச் மைக் பிரவுனை வெள்ளிக்கிழமை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சீசனுக்கு முந்தைய எட்டு ஆட்டத்திலும் தோல்வி, சீசன் தொடங்கி ஐந்தில் ஒரே வெற்றி. ஸ்டீவ் நாஷ், டுவைட் ஹோவர்ட் என்று இரண்டு நட்சத்திர வீரர்களைக் கொண்டுவந்த அணிக்கு இந்த நிலைமை. அன்று இரவே உதவி கோச் பெர்னி பிக்கர்ஸ்டாஃப் தற்காலிகமாகப் பொறுப்பேற்று கோல்டன் ஸ்டேட்டை 101-77 என்று ஜெயித்தோம். ஆனால் நம் மைதானமான ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் கூட்டம் வெற்றியைவிட, முன்னாள் கோச் ஃபில் ஜாக்சனைக் கேட்டு "வி வாண்ட் ஃபில்" என்பதைத்தான் சத்தமாகச் சொன்னது.

சனிக்கிழமை ஜெனரல் மேனேஜர் மிட்ச் கப்சாக்கும் உரிமையாளரின் மகன் ஜிம் பஸ்ஸும் ஃபில்லைச் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். என் கட்சி வெளிப்படை: அவர் வரவேண்டும். 2004-இல் அவர் போனபின் வந்த சீசனில் 34 வெற்றி, 48 தோல்வி, பிளேஆஃப் கிடையாது. அணியின் நட்சத்திரம் கோபி பிரையன்டைப் பற்றிப் புத்தகத்திலேயே கடுமையாக எழுதிவிட்டுப் போன மனிதர், 2005-இல் திரும்பி வந்து அதே கோபியோடு 2009, 2010 கோப்பைகளை வாங்கிக்கொடுத்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாஷ்பிரியன்

வேண்டாம் என்பேன். ஃபில்லின் டிரையாங்கிள் (முக்கோண) ஆட்டமுறையில், பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டு அதை விங்கில், அதாவது பக்கவாட்டில், இருப்பவரிடம் கொடுத்துவிட்டு மூலைக்கு ஓடவேண்டும். நாஷ் அதற்கா வந்தார்? பந்து அவர் கையில் இருந்து, ஹோவர்ட் வந்து ஸ்கிரீன் போட்டு (எதிராளியை மறித்து நின்று), இருவரும் கூடைக்குப் போகவேண்டும். 2005, 2006 இரண்டு வருடமும் எம்விபி (சிறந்த வீரர் விருது) வாங்கியது அப்படித்தான். நீங்கள் சொல்லும் அந்தத் திரும்பி வந்த கதையிலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2006, 2007 இரண்டு வருடமும் ஃபில்லை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியது நாஷின் அன்றைய அணியான ஃபீனிக்ஸ்தான். 2006-இல் ஏழு ஆட்டத் தொடரில் நாம் 3-1 என்று முன்னால் இருந்தோம்.

பழையவன்

வயதையும் பாருங்கள். 67 ஆகிறது, இடுப்பிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை. கடைசியாக அவர் அணி ஆடிய ஆட்டம் 2011-இல் டல்லஸிடம் 122-86. நான்கு ஆட்டத்தில் தொடரே முடிந்தது. பெரிய மனிதர், பதினொரு கோப்பை. அவரை நிம்மதியாக இருக்க விடலாம்.

முக்கோணன்

நாஷ்பிரியன், 2006-இல் அந்த அணியில் யார் இருந்தார்கள்? கோபி ஒருவரே 81 புள்ளி எடுக்கவேண்டியிருந்த அணி அது. 2008 பிப்ரவரியில் பாவ் கசோல் என்ற உயரமான வீரர் வந்தார், அதிலிருந்து வரிசையாக மூன்று இறுதிப்போட்டி. இப்போது கோபி, கசோல், மெட்டா, பிளேக் நான்கு பேருக்கும் இந்த ஆட்டமுறை பழகினது. புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஹோவர்டுக்கும் நாஷுக்கும்தான். நாஷ் போர்ட்லண்ட் ஆட்டத்தில் காலில் எலும்பு முறிந்து உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக் கற்க நேரம் இருக்கிறது. ஒரு முறை பார்த்தால் போதும் என்கிற மூளை அவருக்கு.

நான் உண்மையில் கவலைப்படுவது கசோலைப் பற்றி. போன டிசம்பரில் கிறிஸ் பால் என்ற வீரரை வாங்குவதற்காக அவரை விற்கப் பார்த்தார்கள், லீக் தடுத்தது. அதன்பிறகும் முகம் சுளிக்காமல் ஆடுகிறார். 2010 இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தை மறந்துவிட்டோமா? பாஸ்டனுக்கு எதிராக கோபி 24 முறை எறிந்து ஆறுதான் விழுந்தது. மூன்றாவது குவார்ட்டரில் 13 புள்ளி பின்தங்கினோம். ஃபில் தன் உயர நாற்காலியை விட்டு எழுந்து கத்தவில்லை. கசோல் 19 புள்ளி, 18 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது). 83-79. போஸ்டில், அதாவது கூடைக்கு அருகே, நின்று பந்தை வாங்கி அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆள் அவர், டிரையாங்கிள் சுற்றுவதே அந்த இடத்தைத்தான். பிரவுன் அவரை வெளியே தள்ளி நிறுத்தினார், பாதி ஆள் ஆகிவிட்டார்.

பழையவன், டல்லஸ் தோல்வி எனக்கும் வலிக்கிறது. அதனாலேயே அது அவருடைய கடைசி ஆட்டமாக இருக்கக்கூடாது.

கிழக்குவாசி

ஃபில் சில வெளியூர் ஆட்டங்களுக்கு வரமாட்டார் என்று பேச்சு அடிபடுகிறதே? அது நிஜமென்றால் வீரர்கள் எப்படி மதிப்பார்கள்?

முக்கோணன்

வதந்திக்கு நான் என்ன சொல்ல. வந்தால் முழுதாக வரட்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை.

நாஷ்பிரியன் | 12 நவம்பர் 2012

முடிந்தது. மைக் டி'ஆன்டோனிதான் புது கோச். நாஷை ஃபீனிக்ஸில் நாஷ் ஆக்கியவரே வருகிறார். வருத்தப்படாதீர்கள் முக்கோணன், ஹோவர்டோடு அந்த ஆட்டத்தைப் பார்த்தால் நீங்களே மாறிவிடுவீர்கள்.

முக்கோணன்

நாஷுக்கு இது நல்ல செய்தி, ஒத்துக்கொள்கிறேன். டி'ஆன்டோனியின் ஆட்டத்தில் உள்ளே ஒரு பெரிய ஆள், வெளியே நான்கு பேர். உள்ளே ஹோவர்ட். அப்படியானால் கசோலை எங்கே நிறுத்தப் போகிறார்?